எத்தனை அடியில் தண்ணீர்? வேலூர்ப் பாறை நிலத்தில் நீராய்வு சொல்வதும் சொல்லாததும்

குடியாத்தம் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் மின்தடை ஆய்வு நடக்கிறது. நடுவில் ரெசிஸ்டிவிட்டி மீட்டர். அதிலிருந்து எதிரெதிர்த் திசையில் ஐம்பது ஐம்பது மீட்டருக்கு ஒயர் ஓடுகிறது. ஒயரின் முனைகளில் இரும்புக் கம்பி அடித்து, காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்க உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். திரையில் 15 மில்லிவோல்ட். அதைக் குறித்துக்கொள்வதற்குள் நிலத்துக்காரர் கேட்டுவிடுகிறார்: “எத்தினி அடியில சார் தண்ணி வரும்?”

அந்த 15 மில்லிவோல்ட்டில் அவருடைய கேள்விக்குப் பதில் கிடையாது. காலுக்குக் கீழே இருப்பது மின்சாரத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதுதான் அதில் இருக்கிறது. ஏறக்குறைய அதே எண் தண்ணீர் ஊறிய மொரம்பிலும் (மக்கிப் பொடிந்த பாறை) வரும், களிமண்ணிலும் வரும், தோல் தொழிற்சாலை உப்பு இறங்கிய மண்ணிலும் வரும். இந்த மூன்றில் எது என்று பிரித்துச் சொல்ல அந்த இடத்தின் பாறையும், பக்கத்துக் கிணறுகளும், அவற்றின் தண்ணீரும் தெரிந்திருக்க வேண்டும். வேலூர் வட்டாரத்தில் ஒழுங்கான நீராய்வு என்றால் அதில் பாதி வேலை மீட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்கும். அந்தப் பாதியைச் செய்யாமல் துளையிட “பாயிண்ட்” குறித்துக் கொடுப்பதால்தான் இங்கே இத்தனை ஆழ்துளைப் போர்கள் தண்ணீர் இல்லாமல் புகையாகப் போகின்றன.

முதலில் பாறை

பழைய வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. மீதி 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மாவட்டக் கோடுகள் மாறினாலும் அடியில் இருப்பது ஒரே நிலம். பாலாறு, பொன்னையாறு போன்ற ஆற்றுப் படுகைகளை விட்டால் எங்கும் படிகப் பாறைதான். பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. அந்தப் பாறை உடையாமல் இருந்தால் அதற்குள் தண்ணீர் நிற்க இடமே இல்லை. தண்ணீர் நிற்பது இரண்டு இடங்களில்: மேலே பாறை மக்கிப் பொடிந்த மொரம்பு அடுக்கில், அதற்குக் கீழே விரிசல்களில். மொரம்பு சேமிப்புத் தொட்டி மாதிரி, விரிசல் குழாய் மாதிரி. தொட்டி காலியாக இருந்தால் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. போர் போட்ட முதல் மாதம் கொட்டிவிட்டு மறு சித்திரையில் காற்று வாங்கும் போர்கள் பலவற்றின் கதை இதுதான்.

மொரம்பு எல்லாப் பாறையிலும் ஒரே மாதிரி உருவாவதில்லை. வெளிர் நிறமும் கரு நிறமுமாகப் பட்டை பட்டையாக இருக்கும் நைஸ் பாறை ஓரளவு ஆழமாக மக்கும். மக்கியது மணல் கலந்து இருக்கும், தண்ணீரை விடும். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரங்களிலும் நிறையக் காணும் சார்னோக்கைட் வேறு ரகம். உடைத்தால் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம், இறுக்கம் அதிகம். மக்குவதும் குறைவு, மக்கினால் களி கலந்து வரும், தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். ஏலகிரி இன்னொரு வகை, அது சயனைட் (syenite) என்னும் பாறை.

நிலத்தில் நடந்து பார்த்தாலே சில விஷயங்கள் தெரியும். கொல்லையில் வெங்கச்சங்கல் வெள்ளை வெள்ளையாக ஒரே வரிசையில் சிதறிக் கிடந்தால் அடியில் குவார்ட்ஸ் நரம்பு ஓடுகிறது. அது எளிதில் நொறுங்குவதால் அதன் இரண்டு ஓரங்களிலும் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். உருண்டை உருண்டையாகக் கருங்கற்கள், மேலே துருநிறத் தோலோடு, வரிசையாகக் கிடந்தால் அது டாலரைட் டைக்; பழைய பாறையைப் பிளந்துகொண்டு மேலேறி உறைந்த கருங்கல் சுவர். உடையாத டைக் நிலத்தடியில் கட்டிய தடுப்பணை மாதிரி வேலை செய்யும். தண்ணீர் வரும் சரிவுக்கு மேல்பக்கத்தில் உள்ள கிணறுகளில் மட்டம் உயர்ந்திருக்கும், கீழ்ப்பக்கம் வறண்டிருக்கும். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீரும் அந்தப் பக்கம் வறட்சியும் இருப்பதை ராசி என்று சொல்வார்கள். பல இடங்களில் அதற்குக் காரணம் அந்தக் கருங்கல் சுவர்.

கிணறு என்னும் ஆய்வுக்கூடம்

இந்த வட்டாரத்தில் கிணறு இல்லாத ஊர் இல்லை. ஒவ்வொரு கிணறும் பூமியை வெட்டிக் காட்டும் ஒரு குறுக்குவெட்டு. எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஆய்வு செய்யும் இடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் குறைந்தது எட்டு, பத்துக் கிணறுகளைப் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொன்றிலும் குறிக்க வேண்டியவை: மொத்த ஆழம், தண்ணீர் மட்டம், கல் கட்டு எந்த அடியில் முடிகிறது, அதற்குக் கீழே மொரம்பு எந்த அடியில் முடிந்து கெட்டிப் பாறை தொடங்குகிறது. கல் கட்டு முடியும் இடம் முக்கியம். சரிந்து விழும் மண்ணுக்குத்தான் கட்டு வேண்டும். பாறை தானே நிற்க ஆரம்பித்த இடத்தில் கொத்தனார் நிறுத்தியிருப்பார். பிறகு ஊற்றுக்கண் எந்தப் பக்கச் சுவரில், எத்தனை அடியில் இருக்கிறது, அந்த விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காம்பஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு கிணறுகளில் ஊற்று ஒரே திசை விரிசலிலிருந்து வந்தால் அந்தத் திசைதான் அந்த ஊரின் நீர்வழி. மோட்டார் எத்தனை மணி நேரத்தில் கிணற்றை வற்ற வைக்கிறது, மறுபடி ஊற எத்தனை மணி நேரம் என்பதைக் கிணற்றுக்காரரிடம் கேட்டால் கணக்காகச் சொல்வார். கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் சைடு போர் போட்டிருந்தால் எந்தப் பக்கம் போட்டதில் தண்ணீர் வந்தது, எந்தப் பக்கம் வரவில்லை என்பதையும் கேட்க வேண்டும். கடைசியாக, ஒரு குவளைத் தண்ணீரில் கடத்துத்திறன் மீட்டரை முக்கி எண்ணைக் குறிக்க வேண்டும். இது எதற்கு என்பது பின்னால் வரும்.

தோற்றுப்போன போர்களையும் விடக் கூடாது. யாரும் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. ஆனால் 600 அடி போட்டு ஒன்றும் வராத போர், பக்கத்தில் எதை நம்பக் கூடாது என்று சொல்லும் சாட்சி.

வானத்திலிருந்து பார்க்கும் கோடுகள்

வரைபடத்தில் பாலாற்றைப் பாருங்கள். வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர் வழியாக வேலூர் வரை, ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சியின் வேறு மலைகள், நடுவில் வடகிழக்காக ஏறக்குறைய நேராக ஓடுகிறது. பிறகு கிழக்கே திரும்புகிறது. இவ்வளவு தூரம் நேராக ஆறு போவது, அடியில் பாறை பலவீனமான கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது என்பதற்கு நல்ல அடையாளம். செயற்கைக்கோள் படத்தில் இப்படிப்பட்ட நேர்கோடுகளை, அதாவது ஓடை சட்டென்று நேராவதை, மரங்கள் வரிசையாக நிற்பதை, மலை ஒரே கோட்டில் வெட்டுப்படுவதைத் தேடி எடுப்பதற்கு லீனியமென்ட் ஆய்வு என்று பெயர். இஸ்ரோவின் புவன் தளத்திலும், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்திலும் இதற்கான வரைபடங்களைப் பார்க்கலாம்.

இரண்டு தவறுகள் இங்கே அடிக்கடி நடக்கின்றன. பழைய வண்டிப்பாதை, கால்வாய், குழாய் பதித்த தடம், சொத்து எல்லை எல்லாம் படத்தில் விரிசல்போலத் தெரியும். நேரில் போய்ப் பார்க்காமல் எதையும் கோடு என்று எண்ணக் கூடாது. இரண்டாவது அளவு சம்பந்தப்பட்டது. 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். பேனாக் கோட்டின் தடிப்பே ஒரு கொல்லையின் அகலம். விரிசல் மண்டலம் சில சமயம் பத்து மீட்டர்கூட இருக்காது. ஆகவே வரைபடம் எந்தக் கொல்லையில் தேடலாம் என்று சொல்லும். கொல்லைக்குள் எந்த இடம் என்பதைத் தரையில்தான் தேட வேண்டும்.

மின்தடை ஆய்வு: 15 மில்லிவோல்ட்டின் கணக்கு

இந்தியக் கடினப்பாறைப் பகுதிகளில் அதிகம் செய்யப்படுவது ஷ்லம்பெர்ஜர் முறைச் செங்குத்து ஆய்வு. நான்கு கம்பிகள் ஒரே நேர்கோட்டில். வெளியே உள்ள இரண்டும் மின்சாரத்தைச் செலுத்தும். உள்ளே உள்ள இரண்டும் மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும். நடுப்புள்ளியை மாற்றாமல் வெளிக்கம்பிகளை மட்டும் நடுவிலிருந்து 1.5, 2, 3, 4, 6, 8, 10, 15, 20, 30, 40, 50, 60, 80, 100 மீட்டர் என்று தள்ளிக்கொண்டே போக வேண்டும். தூரம் கூடக்கூட மின்னோட்டம் ஆழமாக இறங்கும்.

குடியாத்தம் கொல்லையில் வெளிக்கம்பி நடுவிலிருந்து 50 மீட்டர், உள்கம்பி 5 மீட்டர். வெளித்தூரத்தின் இருமடியிலிருந்து உள்தூரத்தின் இருமடியைக் கழித்தால் 2475. அதை 3.1416-ஆல் பெருக்கி, இரண்டு உள்கம்பிகளுக்கும் இடையே உள்ள 10 மீட்டரால் வகுத்தால் 777.5. இது அந்த அமைப்பின் மாறிலி. செலுத்திய மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர், கிடைத்தது 15 மில்லிவோல்ட்; தடை 0.15 ஓம். 777.5-ஐ 0.15-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 117 ஓம் மீட்டர். இதுதான் தோற்றத் தன்மின்தடை; தன்மின்தடை என்பது ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. “தோற்ற” என்ற சொல்லை மறக்கக் கூடாது; மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கும் கலந்த எண் இது.

அளக்கும்போது எங்கே தவறும்? வெளிக்கம்பி போகப்போக உள்கம்பிகளுக்கிடையே கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறிதாகும். அப்போது உள்கம்பிகளையும் அகட்டியாக வேண்டும். அகட்டும்போது பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் இரண்டு தூரங்களுக்காவது திரும்ப அளக்க வேண்டும். இரண்டும் பெரிதாக ஒத்துப்போகவில்லை என்றால் உள்கம்பி பக்கத்தில் மேல்மண் மாறுகிறது என்று பொருள். கம்பி வேலி, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த், புதைத்த இரும்புக் குழாய் ஆகியவற்றுக்கு இணையாக ஒயர் இழுத்தால் எண் கெட்டுப்போகும். ஒயரின் தோல் உரிந்த இடம் ஈர வரப்பில் படிந்தால் மின்சாரம் அங்கேயே இறங்கிவிடும். வளைகோட்டில் திடீரென்று ஒரு பள்ளம் விழும். அதை விரிசல் என்று எண்ணிப் போர் போட்டால் அழுவது நிலத்துக்காரர்தான். சந்தேகம் வந்த புள்ளியில் மின்னோட்டத்தை மாற்றி மறுபடி அளப்பது இரண்டு நிமிட வேலை. தடை மாறாமல் இருக்க வேண்டும். நைஸ் பாறையில் பட்டைகள் ஓடும் திசைக்கு இணையாக ஒயர் இழுப்பது நல்லது. குறுக்கே இழுத்தால் ஒவ்வொரு பட்டையையும் கடக்கும்போது வளைகோடு ஏறி இறங்கும்.

ஆழம் பற்றிய ஒரு பெரிய தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிக்கம்பியை 100 மீட்டர் தள்ளினால் 100 மீட்டர் ஆழம் தெரியும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராய், அப்பாராவ் இருவரும் 1971-இல் வெளியிட்ட கணக்கின்படி ஷ்லம்பெர்ஜர் அமைப்பின் ஆய்வு ஆழம் இரண்டு வெளிக்கம்பிகளுக்கு இடையே உள்ள முழுத் தூரத்தில் எட்டில் ஒரு பங்கு. பின்னால் வந்த தாராளமான கணக்கும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 200 மீட்டர் விரித்தால் 25 முதல் 38 மீட்டர். அடிக்கணக்கில் 80 முதல் 125. வெறும் 120 மீட்டர் ஒயரை இழுத்துவிட்டு “450 அடியில் இரண்டாவது ஊற்று” என்று எழுதிக் கொடுத்தால் அந்த எண் மீட்டரிலிருந்து வரவில்லை.

வளைகோட்டை வாசிப்பது

வேலூர் நைஸ் நிலத்தில் பெரும்பாலும் கிடைப்பது தொட்டில் மாதிரியான வளைகோடு. காய்ந்த மேல்மண்ணில் உயரமாகத் தொடங்கி, மொரம்பில் கீழே இறங்கி, கெட்டிப் பாறையில் மறுபடி ஏறும். தண்ணீர் ஊறிய மொரம்பு சுமார் 20 முதல் 60 ஓம் மீட்டர். அதற்குக் கீழே போனால் களி அல்லது உப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பாதி மக்கி விரிசல் விட்ட பாறை சுமார் 60 முதல் 250. ஆயிரத்தைத் தாண்டினால் உடையாத பாறை. இந்த எல்லைகளை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது. ஏற்கெனவே உள்ள கிணற்றின் ஓரத்தில் ஒரு ஆய்வு செய்து, கிணற்றில் கண்ணால் கண்ட அடுக்கோடு ஒப்பிட்டு, அந்த ஊருக்கான எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும்.

குடியாத்தம் கொல்லையில் 50 மீட்டரில் 117 இருந்தது, 100 மீட்டரில் 232 ஆகிறது. தூரம் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கிறது. மடக்கைத் தாளில் கோடு 45 டிகிரியில் ஏறும். அடியில் கெட்டிப் பாறை வந்துவிட்டது என்று பொருள். 100-ஐ 232-ஆல் வகுத்தால் 0.43. இது பாறைக்கு மேல் உள்ள அடுக்கின் தடிப்பை அதன் தன்மின்தடையால் வகுத்தால் கிடைக்கும் எண். மொரம்பு 40 ஓம் மீட்டர் என்றால் தடிப்பு 17 மீட்டர், அதாவது 56 அடி. மொரம்பு 20 ஓம் மீட்டர் என்றால் தடிப்பு 9 மீட்டருக்கும் குறைவு. வளைகோட்டின் ஏறுமுகம் இரண்டுக்கும் ஒன்றேதான். கணினியில் போட்டாலும் இரண்டையும் சரி என்றே காட்டும். பிழை சதவீதம் இரண்டிலும் சின்னதாகவே வரும். முன்னது நல்ல தொட்டி, பின்னது களி கலந்த பள்ளம். இதைத் தீர்க்க ஒரே வழி பக்கத்துக் கிணற்றில் மொரம்பு எத்தனை அடிவரை போகிறது என்று பார்த்து வைத்த குறிப்பு. கிணறு பார்க்காமல் மென்பொருள் அச்சிட்ட வண்ணப்படத்தை மட்டும் நீட்டுபவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஆழத்தில் இருக்கும் ஒற்றை விரிசல் விஷயத்திலும் நேர்மை வேண்டும். 100 மீட்டருக்குக் கீழே கைமுழ அளவில் ஒரு விரிசல் இருந்தால் தரைமேல் அளக்கும் மின்தடை ஆய்வுக்கு அது தெரியாது. அவ்வளவு பெரிய பாறைக் கன அளவில் அது ஒரு நூல். வளைகோட்டில் வரும் சிறு முறிவுகளை விரிசலாக வாசிக்கும் முறை 1980-களிலிருந்து தமிழ்நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. நெருங்கிய இடைவெளியில் அளந்து, பல திசைகளில் திரும்பச் செய்து, ஒரே இடத்தில் முறிவு வந்தால் அதைக் கவனிக்கலாம். ஒரே ஒரு அளவீட்டில் வந்த முறிவை நம்பிப் பணம் போடக் கூடாது.

பல மின்முனைகளைக் கணினியோடு இணைத்துச் செய்யும் டோமோகிராஃபி இதைவிட நல்ல படம் தரும். 5 மீட்டர் இடைவெளியில் 48 முனைகள் என்றால் 235 மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் சொச்சம் ஆழம். மொரம்பு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பது பக்கவாட்டில் தெரியும். செலவு அதிகம், நான்கைந்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு நீளக் கோட்டில் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

உப்பு குழப்பும் இடம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை: தோல் பதனிடும் ஊர்கள். பச்சைத் தோலை உப்புப் போட்டுக் காப்பார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு இறங்கும். இந்தக் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நிலத்துக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்ததும் வெளியேறிவிடாது.

மின்தடை ஆய்வில் இது என்ன செய்யும்? கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோசீமன்ஸ் உள்ள தண்ணீரின் தன்மின்தடை 10 ஓம் மீட்டர். 5000 என்றால் 2 ஓம் மீட்டர். களியில்லாத ஒரே மொரம்பு, முதல் தண்ணீர் நிரம்பியிருந்தால் 60 ஓம் மீட்டர் காட்டும் இடத்தில் இரண்டாவது தண்ணீர் நிரம்பினால் 12 காட்டும். ஆய்வாளருக்கு அந்த 12 களிமண்ணாகத் தோன்றலாம். அதைவிட மோசம், “குறைந்த மின்தடை, நிறையத் தண்ணீர்” என்று தோன்றலாம். போர் போட்டால் தண்ணீர் வரும், பயிர் கருகும். அதனால்தான் கிணறு கிணறாகக் கடத்துத்திறன் அளக்கச் சொன்னது. இந்தப் பகுதியில் அந்த எண்கள் இல்லாத மின்தடை அறிக்கையை ஏற்கக் கூடாது. குடிநீருக்கான போர் என்றால் தண்ணீரை ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாதபோது 2000 வரை; குரோமியம் 0.05 மில்லிகிராம்.

மற்ற கருவிகள்

விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) கருவி கையில் ஏந்திக்கொண்டு நடக்கும் எளிய கருவி. மின்சாரம் செலுத்த வேண்டாம். நீர்மூழ்கிகளோடு பேச நெல்லைச் சீமையில் விஜயநாராயணத்தில் கடற்படை வைத்திருக்கும் நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையையே பயன்படுத்திக்கொள்ளும். செங்குத்தான, தண்ணீரோ களியோ நிரம்பிய விரிசலைக் கடக்கும்போது எண் குறி மாறும். பத்து மீட்டருக்கு ஒரு அளவு வீதம் ஒரு காலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். ஆனால் விரிசல் ஓடும் திசை நிலையத்தை நோக்கி இருக்க வேண்டும். வேலூரிலிருந்து அது தெற்கே, சற்று மேற்கு சாய்ந்து இருக்கிறது. ஆகவே வடக்கு தெற்காக ஓடும் விரிசல்கள் நன்றாகச் சிக்கும். கிழக்கு மேற்காக ஓடுபவை நழுவிவிடும். உயர் அழுத்த மின்கம்பி அருகில் இதை எடுக்கவே கூடாது.

காந்தமானி டைக்கைத் தேடுவதற்கு. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், கிழக்கு மேற்கு டைக்கின்மேல் எண் பெரும்பாலும் இறங்கிக் காட்டும். வடக்கு தெற்கு டைக் மிக மங்கலாகவே தெரியும். மேலை நாட்டுப் பாடப்படத்தை வைத்து உயர்வைத் தேடினால் கிடைக்காது.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்துப் பார்ப்பது இன்னும் நடக்கிறது. மொரம்பு நன்றாக இருக்கும் ஊரில் எங்கே போட்டாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். பார்த்தவருக்குப் பெயரும் வரும். சார்னோக்கைட் நிலத்தில் அதே குச்சி எத்தனை முறை தோற்றது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு ஏக்கருக்குக் கீழே எவ்வளவு

நீர்வளம் என்பது கடைசியில் ஒரு கணக்கு. மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் வகுத்த அளவுகளின்படி, களி கலந்த நைஸ் மொரம்பு தன் கன அளவில் 1.5 சதவீதத் தண்ணீரைத்தான் வடியவிடும். ஆற்று மணல் 16 சதவீதம். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். தண்ணீர் நின்ற மொரம்பு 10 மீட்டர் தடிப்பு என்றால் கிடைப்பது சுமார் 6 லட்சம் லிட்டர். அதே 10 மீட்டர் பாலாற்று மணல் என்றால் சுமார் 65 லட்சம். ஆற்று மணலை அள்ளுவது எவ்வளவு பெரிய தொட்டியை அள்ளுவது என்பது இந்த இரண்டு எண்ணிலும் இருக்கிறது. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த ஊர்கள் வாழ்ந்தது அந்த 16 சதவீதத்தில்தான்.

மழையிலிருந்து உள்ளே இறங்குவதற்கும் அதே குழு அளவு சொல்கிறது: களி கலந்த நைஸில் மழையில் 8 சதவீதம், சார்னோக்கைட்டில் 5. ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு முன்னதில் 2.9 லட்சம், பின்னதில் 1.8 லட்சம் லிட்டர். ஒரு போகம் நெல்லுக்கு 1200 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஏக்கருக்கு சுமார் 49 லட்சம் லிட்டர். 500 மில்லிமீட்டர் கேட்கும் வேர்க்கடலைக்கு 20 லட்சம். தன் நிலத்துக்குக் கீழே உள்ளதைக் கொண்டு மட்டும் எந்தப் போரும் நெல் விளைவிக்கவில்லை. சுற்றியுள்ள நிலத்திலிருந்தும் மேலே உள்ள ஏரியிலிருந்தும் வருவதைத்தான் இழுக்கிறது. ஆகவே ஆய்வு அறிக்கையில் மேல்பக்க ஏரி எத்தனை மாதம் நிற்கிறது, அரை கிலோமீட்டருக்குள் ஓடும் மோட்டார்கள் எத்தனை என்ற இரண்டு வரிகள் இல்லையென்றால் வளைகோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அரைகுறை.

போர் வண்டி வந்த பிறகு

துளையிடும்போதும் ஆய்வு தொடர வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை வரும் துகளைக் கைப்பிடி எடுத்து வரிசையாகக் கொட்டி, அடியைக் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ராடும் இறங்க எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். திடீரென்று வேகமாக இறங்கி, துருநிறத் துகள் வந்தால் அங்கே விரிசல்.

அதிகம் பணம் வீணாவது கேசிங்கில், அதாவது துளைக்குள் இறக்கும் குழாயில். மொரம்பு சரியாமல் இருக்க கேசிங் வேண்டும். ஆனால் மொரம்பில் வரும் தண்ணீரையே வெறும் குழாய் அடைத்துவிடும். மொரம்பில் நல்ல தண்ணீர் இருந்தால் அந்த ஆழத்துக்குத் துளைகள் உள்ள குழாய் இறக்கி வெளியே சல்லி நிரப்ப வேண்டும், அல்லது அந்த இடத்துக்குக் கிணறுதான் சரியா என்று யோசிக்க வேண்டும். உப்பு மேலே நிற்கும் தோல் ஊர்களில் நேர்மாறு: கெட்டிப் பாறைக்குள் ஒரு மீட்டராவது இறக்கி, வெளி இடைவெளியைச் சிமெண்டால் அடைத்து, மேல் தண்ணீர் உள்ளே வராமல் செய்ய வேண்டும்.

“இன்ச்” கணக்கும் ஏமாற்றும். தண்ணீர் அளக்கும் 90 டிகிரி வி-நாட்ச்சில் (வி வடிவ வெட்டு உள்ள தகடு) தண்ணீர் ஒரு இன்ச் உயரம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.5 லிட்டர், இரண்டு இன்ச் 48, மூன்று இன்ச் 133. ஒரு இன்ச் இரண்டு இன்ச் ஆனால் தண்ணீரும் இரட்டிப்பு என்று நினைத்து மோட்டார் வாங்கினால் கணக்குத் தப்பும். அதுவும் கம்ப்ரஸர் ஊதும்போது வருவது துளைக்குள் தேங்கியதும் சேர்ந்த அளவு. மோட்டார் இறக்கி ஏழெட்டு மணி நேரம் ஓட்டி, முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒருமுறையும் பிறகு இடைவெளி விட்டும் மட்டத்தை அளந்து, நிறுத்திய பின் ஏறுவதையும் அளந்தால்தான் அந்தப் போர் தாங்கும் அளவு தெரியும். இதை மழைக்காலத்தில் செய்தால் எண் நன்றாக இருக்கும். மே மாதத்தில் செய்தால் உண்மையாக இருக்கும்.

குடியாத்தம் கொல்லைக்காரருக்கு எழுதித் தரக்கூடிய பதில் இப்படி இருக்கலாம்: பக்கத்துக் கிணறுகளில் மொரம்பு 55 அடி வரை தெரிவதால் இங்கும் சுமார் 56 அடி வரை மொரம்பு; கிணற்றுத் தண்ணீர் கடத்துத்திறன் 1000-ஐ ஒட்டி, பயிருக்குப் பாதகமில்லை; மொரம்பின் அடியிலும் அதை ஒட்டிய விரிசலிலும் தண்ணீர் எதிர்பார்க்கலாம்; 125 அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இந்த ஆய்வுக்குத் தெரியாது. போரை 200 அடியோடு நிறுத்தவும். அதுவரை வராமல், துகளும் மாறாத கருஞ்சாம்பலாகவே வந்தால், அதற்கு மேல் போடும் ஒவ்வொரு அடியும் உங்கள் முடிவு.